எல்.எல்.ஆருக்கும் லைசென்ஸுக்கும் நடுவே: புதுச்சேரியில் வண்டி பழகும் நாட்கள்

புதுச்சேரியில் பிளஸ் டூ முடித்த பிள்ளை இருக்கும் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி, "எல்.எல்.ஆர். போட்டாச்சா?" என்பது. வில்லியனூரிலிருந்தும் பாகூரிலிருந்தும் கல்லூரிக்கு வருகிற பிள்ளைக்கு இரு சக்கர வாகனம் ஆடம்பரம் அல்ல, அன்றாடத் தேவை. எல்.எல்.ஆர். எனப்படும் பழகுநர் உரிமம் கிடைத்து முப்பது நாள் கழிந்தால் ஓட்டுநர் தேர்வுக்குப் போகலாம். தேறினால் கைக்கு வரும் உரிமம் நாற்பது வயது வரை செல்லும். பதினெட்டு வயதில் சில நிமிடங்கள் ஓட்டிக் காட்டியதற்குச் சட்டம் கொடுக்கும் நம்பிக்கை இருபத்திரண்டு ஆண்டுகள்.

அந்த முப்பது நாளில் பிள்ளை யாரிடம் பழகியது, எந்தச் சாலையில் பழகியது, மொத்தம் எத்தனை மணி நேரம் வண்டியைத் தொட்டது? தேர்வு நாளில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் தர வேண்டிய கட்டாயம் இல்லை. ஓட்டுநர் உரிமம் பற்றி நாம் பேசும்போதெல்லாம் தேர்வைப் பற்றியும் இடைத்தரகர்களைப் பற்றியும் அபராதத்தைப் பற்றியும் பேசுகிறோம். பழகும் காலத்தைப் பற்றிப் பேசுவதில்லை. உயிர் காக்கும் வேலை நடக்க வேண்டியது அந்தக் காலத்தில்தான்.

சட்டம் வகுத்த பாதை

நாடு முழுவதற்கும் அடிப்படை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளும். 2019இல் சட்டம் பெரிய அளவில் திருத்தப்பட்டது. புதுச்சேரிக்கும் இவையே பொருந்தும்.

கியர் இல்லாத, 50 சி.சி.க்கு மிகாத இரு சக்கர வாகனத்துக்கு 16 வயது, பெற்றோர் அல்லது காப்பாளரின் எழுத்துமூலமான சம்மதத்துடன். மற்ற இரு சக்கர வாகனங்களுக்கும் காருக்கும் 18 வயது. போக்குவரத்து வாகனங்களுக்கு 20. இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. இன்று கடைகளில் விற்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சி.சி.க்கு மேற்பட்டவை. "கியர் இல்லாத வண்டிதானே" என்று பதினாறு வயதுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுக்கும் பெற்றோர், சட்டம் அனுமதிக்காத ஒன்றைச் செய்கிறார்கள்.

விண்ணப்பம் இன்று 'சாரதி' இணையதளத்தின் வழியாகவே தொடங்குகிறது. மத்திய விதிகளின்படி பழகுநர் உரிமக் கட்டணம் ஒரு வகை வாகனத்துக்கு 150 ரூபாய், அதற்கான தேர்வுக்கு 50 ரூபாய். ஓட்டுநர் தேர்வுக்கு ஒரு வகைக்கு 300 ரூபாய், உரிமத்துக்கு 200 ரூபாய். இவற்றோடு வேறு சில சேவைக் கட்டணங்கள் சேரலாம். உடல்நிலை பற்றிய சுய உறுதிமொழி படிவம் 1இல் தரப்பட வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர்களும் போக்குவரத்து வாகனம் ஓட்ட விரும்புவோரும் படிவம் 1ஏ-இல் மருத்துவச் சான்று தர வேண்டும். லேசானது முதல் மிதமானது வரையிலான நிறப் பார்வைக் குறைபாடு உள்ளவர்களும் உரிமம் பெறலாம் என்று 2020 ஜூனில் விதி தளர்த்தப்பட்டது. முன்பு இதற்காகவே திருப்பி அனுப்பப்பட்டவர்களுக்கு அது பெரிய விடுதலை.

பழகுநர் உரிமத்துக்கான தேர்வு அறிவுத் தேர்வு. சாலைக் குறிகள், விபத்து நேர்ந்தால் ஓட்டுநரின் கடமை, ஆளில்லா ரயில் கடவையைக் கடக்கும் முறை, வண்டியில் இருக்க வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றிலிருந்து கேள்விகள் வரும். 60 விழுக்காடு சரியாக இருந்தால் தேர்ச்சி. ஆதார் வழியே அடையாளத்தை உறுதிசெய்து, அலுவலகம் போகாமலேயே பழகுநர் உரிமம் பெறும் வழியை 2021 மார்ச்சில் மத்திய அரசு திறந்துவிட்டது.

பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். முப்பது நாளுக்கு முன் ஓட்டுநர் தேர்வுக்குப் போக முடியாது. தேர்வில் தவறினால் ஏழு நாள் கழித்து மறுபடி வரலாம். மூன்று முறை தவறினால் அறுபது நாள் காத்திருக்க வேண்டும்.

எல்லைகள் பின்னிய ஊரில்

இந்தப் பாதையில் புதுச்சேரிக்கென்று சில தனித்தன்மைகள் உண்டு. 1954 நவம்பர் 1இல் பிரெஞ்சு ஆட்சியிலிருந்து கைமாறி, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த இந்த ஒன்றியப் பகுதி, ஒரே நிலப்பரப்பாக இல்லை. காரைக்கால் தெற்கே தனியாக இருக்கிறது. மாஹே கேரளத்துக்குள்ளும் ஏனாம் ஆந்திரத்துக்குள்ளும் இருக்கின்றன. புதுச்சேரி வட்டாரமே கடலூர், விழுப்புரம் மாவட்டங்களின் ஊர்களோடு பின்னிக் கிடக்கிறது. காலாப்பட்டிலிருந்து நகருக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வருகிறவர் வழியில் தமிழ்நாட்டின் கோட்டக்குப்பத்தைக் கடந்தே வர வேண்டும்.

அதனால் இங்கே பலருக்கும் எழும் ஐயம்: புதுச்சேரியில் எடுத்த எல்.எல்.ஆரோடு தமிழ்நாட்டு எல்லைக்குள் ஓட்டலாமா? ஓட்டலாம். பழகுநர் உரிமமானாலும் முழு உரிமமானாலும் இந்தியா முழுவதும் செல்லும் என்று சட்டத்தின் 13ஆம் பிரிவு சொல்கிறது. விண்ணப்பிப்பது மட்டும் அவரவர் மாநிலத்தில். முதலியார்பேட்டை 100 அடி சாலையிலுள்ள போக்குவரத்துத் துறை அலுவலகம் கோட்டக்குப்பத்துக்காரருக்கு வெகுதூரமில்லை. ஆனாலும் அவர் நாட வேண்டியது தமிழ்நாட்டு அலுவலகத்தை.

சாலைகளும் ஒரே மாதிரி இல்லை. ஒயிட் டவுனில் நேர்க்கோடுகளாக வெட்டிக்கொள்ளும் குறுகிய தெருக்கள், அவற்றில் ஒருவழிப் பாதைகள். நேரு வீதியிலும் மகாத்மா காந்தி வீதியிலும் கடைக்கு வந்தவர்களும் நிறுத்திய வண்டிகளும் நடப்பவர்களும் ஒரே தளத்தில். ராஜீவ் காந்தி சதுக்கத்திலும் இந்திரா காந்தி சதுக்கத்திலும் வெளியூர்ப் பேருந்துகளும் சரக்கு வண்டிகளும். கடற்கரைச் சாலை மாலை 6 மணி முதல் மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளுக்கு மூடப்படும். அந்த நேரத்தில் சுற்றியுள்ள தெருக்கள் அந்தச் சுமையைத் தாங்கும். வார இறுதியில் சுற்றுலாப் பயணிகள் வாடகைக்கு எடுத்து ஓட்டும் வண்டிகள், கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தோடு, வழி தெரியாமல் தயங்கித் தயங்கித் திரும்பும். இத்தனையையும் சமாளிக்கும் திறமை, காலி மைதானத்தில் எட்டு போட்டுப் பார்ப்பதால் மட்டும் வருமா?

எட்டும் அதற்கு அப்பாலும்

விதிப் புத்தகத்தைப் படித்தால் வியப்பு ஏற்படும். ஓட்டுநர் தேர்வில் பார்க்கப்பட வேண்டியவை என்று விதி 15 தரும் பட்டியல் மிக நீளமானது. கிளம்பும் முன் கண்ணாடியைச் சரிசெய்வது, படிப்படியாக மேல் கியருக்குப் போவது, நெரிசல் வந்தால் சட்டென்று கீழ் கியருக்கு இறங்குவது, மேட்டில் நின்ற வண்டியைப் பின்னால் உருளவிடாமல் கிளப்புவது, முந்துவது, முந்த வருபவருக்கு வழிவிடுவது, திரும்புவது, பின்னோக்கி எடுப்பது, கை சைகை காட்டுவது, அவசரத்தில் நிறுத்துவது எனப் போகிறது. எழுதியவர்கள் சாலையை அறிந்தவர்கள். இவற்றில் பல, மற்ற வண்டிகள் ஓடும் சாலையில் மட்டுமே பார்க்கக்கூடியவை. வரிசையில் நிற்கும் விண்ணப்பதாரர்கள் அத்தனை பேரையும் ஒரு மோட்டார் வாகன ஆய்வாளர் ஒரே முற்பகலில் பார்த்து முடிக்க வேண்டியிருந்தால், பட்டியல் சுருங்கி எட்டும் சிறு தூரமும் மட்டுமே மிஞ்சும்.

இந்தச் சுருக்கத்தால் என்ன நேரும் என்பதற்கு நாட்டில் நல்ல ஆய்வுச் சான்று ஒன்று இருக்கிறது. மரியான் பெர்ட்ரண்ட், சிமியோன் ஜான்கோவ், ரேமா ஹன்னா, தமிழரான செந்தில் முல்லைநாதன் ஆகிய நான்கு பொருளியலாளர்கள் தில்லியில் உரிமம் எடுக்க வந்த சுமார் 800 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2007இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு விரைவாக உரிமம் எடுத்தால் பரிசுப் பணம் என்றார்கள். இன்னொரு பிரிவினருக்கு இலவசமாக ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினரை அப்படியே விட்டார்கள். பிறகு எல்லோரையும் தனியாக ஓட்டச் சொல்லிச் சோதித்தார்கள். உரிமம் எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சரியாக ஓட்டத் தெரியவில்லை. பரிசுக்காக அவசரப்பட்டவர்கள் கூடுதலாகப் பணம் கொடுத்து, ஓட்டத் தெரியாமலேயே உரிமம் எடுத்தது அதிகம். இடைத்தரகர்கள் வழியாகப் போனவர்களில் பெரும்பாலோர் ஓட்டுநர் தேர்வுக்கே போகவில்லை.

அந்த ஆய்வுக்குப் பிறகு எவ்வளவோ மாறிவிட்டது. விண்ணப்பம் இணையத்துக்குப் போனது. பல மாநிலங்களில் கேமராவும் உணரிகளும் பொருத்திய தானியங்கித் தேர்வுத் தடங்கள் வந்தன. மனிதச் சலுகைக்கு இடமில்லாத இந்தத் தடங்கள் நேர்மையைக் கூட்டுகின்றன என்பதில் ஐயமில்லை. ஆனால் அவையும் அளப்பது கோட்டைத் தொட்டாயா, குறித்த நேரத்துக்குள் முடித்தாயா என்பதைத்தான். எதிரே வரும் ஷேர் ஆட்டோ எப்போது நிற்கும் என்று கணிக்கத் தெரியுமா என்பதை அளப்பதில்லை.

மாஹேயைச் சூழ்ந்திருக்கும் கேரளம் 2024இல் தேர்வையே மாற்ற முயன்றது. நாளொன்றுக்கு இத்தனை பேருக்குத்தான் தேர்வு என்ற வரம்பு, சாலையில் ஓட்டிக் காட்டுவதற்குக் கூடுதல் மதிப்பு என்று போக்குவரத்து அமைச்சர் கே.பி. கணேஷ்குமார் சீர்திருத்தங்களை அறிவித்தார். மே மாதம் ஓட்டுநர் பள்ளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கின. தேர்வுத் திடல்களில் மறியல் நடந்தது. தேர்வை மட்டும் கடினமாக்கினால் பயிற்சி தரும் அமைப்பே எதிர்த்து நிற்கும் என்பதை அந்த மோதல் காட்டியது.

யார் கற்றுக்கொடுக்கிறார்கள்?

கார் பழகுபவர்களுக்கு டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது. அதற்கும் விதி இருக்கிறது. பயிற்சிக் காரில் ஆசிரியர் பக்கத்திலும் கட்டுப்பாட்டு மிதிகள் இருக்க வேண்டும். சொந்த உபயோக வாகனத்துக்கான பயிற்சி 21 நாளுக்குக் குறையக் கூடாது. அதில் உண்மையாக வண்டியை ஓட்டும் நேரம் 10 மணிக்குக் குறையக் கூடாது. போக்குவரத்து வாகனங்களுக்கு 30 நாள், 15 மணி நேரம். பயிற்சி முடித்தவருக்குப் பள்ளி படிவம் 5இல் சான்று தரும்.

2021 ஜூலை 1 முதல் இன்னொரு வழியும் திறந்தது. அங்கீகாரம் பெற்ற ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்குக் குறைந்தது ஓர் ஏக்கர் நிலம் வேண்டும். கனரக வாகனப் பயிற்சி என்றால் இரண்டு ஏக்கர். பாவனைக் கருவியும் தேர்வுத் தடமும் கட்டாயம். இலகு ரக வாகனப் பயிற்சி 29 மணி நேரம். அதில் 21 மணி நேரம் செயல்முறை. அங்கே தேறியவருக்கு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மறுபடி ஓட்டிக் காட்டும் தேவை இல்லை. 2024இல் "இனி யாருக்குமே ஆர்.டி.ஓ. தேர்வு கிடையாது" என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியபோது, விதிகளில் புதிதாக எதுவும் மாறவில்லை என்று மத்திய அமைச்சகம் விளக்கம் தர வேண்டியிருந்தது.

இவை எல்லாம் காருக்கு. இரு சக்கர வாகனத்துக்கு?

அப்பாவோ அண்ணனோ பின்னால் உட்கார்ந்து, "ஆக்ஸிலேட்டரை மெதுவா முறுக்கு" என்று சொல்லிக்கொடுப்பதுதான் இங்கே பயிற்சி. விதி 3இன்படி பழகுநருடன் உரிமம் உள்ள ஒருவர் இருக்க வேண்டும். அவர் வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். காருக்கு இது சரி. ஸ்கூட்டரின் பின்னிருக்கையில் இருப்பவரால் பிரேக் பிடிக்க முடியாது. ஆக, நடைமுறையில் இந்த விதியின் உள்ளடக்கம் இரு சக்கர வாகனத்தில் காணாமல் போகிறது. வெள்ளைப் பின்னணியில் சிவப்பு 'எல்' எழுத்துள்ள, 18 செ.மீ. சதுரத்துக்குக் குறையாத பலகை முன்னும் பின்னும் இருக்க வேண்டும் என்பதும் அதே விதி. பயிற்சி தருபவரைத் தவிர வேறு யாரையும் பின்னால் ஏற்றக் கூடாது என்பதும் அதே விதி. தோழனை ஏற்றிக்கொண்டு எல்.எல்.ஆரோடு கல்லூரிக்குப் போகும் மாணவர் இதைக் கேள்விப்பட்டிருக்கக்கூட மாட்டார்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இரு சக்கர வாகனங்களில் சென்றவர்கள். எந்த வாகனத்தில் அதிகம் பேர் சாகிறார்களோ, அந்த வாகனத்துக்குத்தான் முறையான பயிற்சி மிகக் குறைவு. புதுச்சேரி போன்ற இரு சக்கர வாகன நகரத்துக்கு இதைவிட அவசரமான செய்தி வேறு இல்லை.

உறவினர் ஊரின் அனுபவம்

புதுச்சேரிக்கு ஒப்பீட்டுக்காக வெகுதூரம் தேட வேண்டியதில்லை. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்கள் இங்கே ஏராளம். பாரிஸிலும் அதன் புறநகர்களிலும் சித்தப்பாவோ அத்தையோ இருக்கும் வீடுகள் ஏராளம். அங்கே வளரும் அவர்கள் பிள்ளைகள் உரிமம் எடுக்கும் விதம் வேறு. முதலில் சாலை விதித் தேர்வு: 40 கேள்விகளில் 35க்குச் சரியான விடை. பிறகு கியர் உள்ள காருக்கு ஓட்டுநர் பள்ளியில் குறைந்தது 20 மணி நேரப் பயிற்சி. பதினைந்து வயதிலேயே தொடங்க விரும்புபவருக்குத் துணையுடன் ஓட்டும் முறை உண்டு. பள்ளியில் அடிப்படைப் பயிற்சியை முடித்த பின், பெற்றோர் போன்ற அனுபவசாலி ஒருவர் அருகில் இருக்க, குறைந்தது ஓராண்டில் 3,000 கி.மீ. ஓட்ட வேண்டும். 2024 ஜனவரி முதல் 17 வயதிலேயே கார் உரிமம் பெறலாம் என்று வயது குறைக்கப்பட்டது.

உரிமம் கிடைத்ததோடும் முடிவதில்லை. பிரான்ஸில் முழு உரிமத்துக்கு 12 புள்ளிகள். புதியவருக்கு முதலில் 6 புள்ளிகள்தான். தவறு செய்தால் குறையும். மூன்றாண்டு சோதனைக் காலம் தவறில்லாமல் கழிந்தால் 12 ஆகும். துணையுடன் ஓட்டிப் பழகியவருக்குச் சோதனைக் காலம் இரண்டே ஆண்டுகள். நிறையப் பழகியவருக்குச் சீக்கிரம் நம்பிக்கை கிடைக்கிறது.

நியூஸிலாந்து 1987இலேயே பழகுநர், கட்டுப்பாட்டு உரிமம், முழு உரிமம் என்று மூன்று படிகளை வைத்தது. நடுப்படியில் இருப்பவர் இரவு 10 முதல் காலை 5 வரை தனியாக ஓட்டக் கூடாது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 21 வயதுக்குக் கீழ்ப்பட்ட பழகுநர் 120 மணி நேரம் ஓட்டிய பதிவேட்டைக் காட்ட வேண்டும். அதில் 20 மணி நேரம் இரவில். சிங்கப்பூரில் புதிதாக உரிமம் பெற்றவருக்கு ஓராண்டு சோதனைக் காலம். முறைகள் வேறுபடுகின்றன, ஆனால் இந்த நாடுகள் எல்லாமே பழகுவதையும் முழுச் சுதந்திரத்தையும் ஒரே நாளில் இணைப்பதில்லை. நம் சட்டத்தில் நேற்று பழகுநராக இருந்தவர், இன்று தேறினால், இன்றிரவே நான்கு நண்பர்களை ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் வரை காரோட்டலாம்.

தண்டனையின் எல்லை

நம் அரசுகள் அதிகம் நம்புவது தண்டனையை. 2019 திருத்தத்துக்குப் பின் உரிமம் இல்லாமல் ஓட்டினால் 5,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். வயது வராத பிள்ளை குற்றம் செய்தால் காப்பாளர் அல்லது வண்டி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதத்தோடு மூன்றாண்டு வரை சிறை. வண்டிப் பதிவு ஓராண்டுக்கு ரத்து. அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடையாது. காப்பீட்டிலும் அடி விழும். ஓட்டியவருக்குச் செல்லுபடியாகும் உரிமம் இல்லையென்றால், பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூலிக்கலாம் என்ற நிலை 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பிலிருந்து வலுப்பெற்றது.

இவை தேவை. ஆனால் பழக்கம் இல்லாத இடத்தில் தண்டனை மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதைப் புதுச்சேரி நேரில் பார்த்தது. 2019 பிப்ரவரியில் துணைநிலை ஆளுநர் கிரண்பேடி தாமே சாலையில் இறங்கித் தலைக்கவசம் இல்லாதவர்களை நிறுத்தினார். முதலில் விழிப்புணர்வு, பிறகு படிப்படியாக அமல் என்றார் முதல்வர் நாராயணசாமி. அந்த மாதமே ஆளுநர் மாளிகை முன் அவர் நடத்திய தர்ணாவின் பின்னணியில் இதுவும் ஒன்று. உயிர் காக்கும் கவசம் அரசியல் சண்டைப் பொருளானது. முதல் நாள் வண்டியைத் தொடும்போதே தலைக்கவசத்தோடு பழகிய தலைமுறை இருந்திருந்தால், அந்தச் சண்டைக்கு இடமே இருந்திருக்காது.

கையிலிருக்கும் கருவி

புதுச்சேரிக்குப் புதிய சட்டம் வேண்டியதில்லை. மத்திய விதிகளில் படிவம் 15 என்று ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பழகுநரும் எத்தனை மணி நேரம் வண்டி ஓட்டினார் என்று ஓட்டுநர் பள்ளி குறித்து வைக்க வேண்டிய பதிவேடு அது. விக்டோரியா கேட்கும் பதிவேட்டின் கரு நம் விதிப் புத்தகத்திலேயே இருக்கிறது. பள்ளி அலமாரியில் கிடக்கும் அந்தப் பதிவேட்டைத் தேர்வு நாளில் ஆய்வாளரின் மேசைக்குக் கொண்டுவந்தால் போதும், பாதி வேலை முடிந்துவிடும். ஓட்டிய மணி நேரத்தோடு சாலையின் வகையையும் அதில் சேர்க்கலாம்: நெரிசல் மிக்க கடைத்தெரு, சிக்னல் சதுக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலை, மழை, இரவு.

இரு சக்கர வாகனத்துக்கு இதையே அரசு முன்னின்று செய்யலாம். கல்லூரிகளும் மேல்நிலைப் பள்ளிகளும் நிறைந்த ஊர் இது. விடுமுறை நாட்களில் அவற்றின் மைதானங்களில் போக்குவரத்துத் துறையும் காவல் துறையும் சேர்ந்து எல்.எல்.ஆர். எடுத்தவர்களுக்கு வகுப்பு நடத்தலாம். முன், பின் பிரேக்குகளைச் சேர்த்துப் பிடிப்பது, மணல் படிந்த வளைவில் திரும்புவது, பேருந்தின் இடப்பக்கம் நுழையாமல் இருப்பது, தலைக்கவசப் பட்டையை இறுக்குவது என்று சில காலைகளில் சொல்லிக்கொடுத்து, பதிவேட்டில் கையெழுத்திட்டுத் தரலாம். இங்கே கற்பவர்களில் பெண்கள் நிறைய இருப்பார்கள். அவர்களுக்குக் கற்றுத்தரப் பெண் பயிற்றுநர்களை நியமித்தால், வீட்டில் கற்றுத்தர ஆளில்லாத பெண்ணுக்கும் வழி பிறக்கும். காரைக்கால், மாஹே, ஏனாம் ஆகிய இடங்களில் அந்தந்த ஊர் மொழியில் இதையே நடத்தலாம்.

பெற்றோர் செய்யக்கூடியதும் உண்டு. முப்பது நாள் என்பது குறைந்தபட்சம். பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். முப்பத்தோராம் நாளே தேர்வுக்கு அனுப்பாமல், அந்த ஆறு மாதத்தையும் பழகும் காலமாக எடுத்துக்கொண்டு, நேரு வீதியின் மாலை நெரிசலையும் மரப்பாலம் சந்திப்பையும் ஒரு மழை நாளையும் பிள்ளையோடு சேர்ந்து கடந்த பிறகு தேர்வுத் தேதியைப் பதிவு செய்யலாம். இதற்கு அரசாணை எதுவும் தேவையில்லை. சாரதி இணையதளத்தில் தேதியைத் தேர்ந்தெடுப்பவர் விண்ணப்பதாரர்தான்.